அரியணையில் பாதுகை: கிரேக்க மன்னர் திரும்பாத கதை

1971இல் கிரேக்கத்தில் வெளியான ஒரு திராக்மா நாணயத்தின் ஒரு பக்கம் மன்னர் இரண்டாம் கான்ஸ்டன்டைனின் தலை. மறுபக்கம் இராணுவ ஆட்சியின் சின்னமான ஃபீனிக்ஸ் பறவையும் சிப்பாயும். அப்போது மன்னர் நாட்டிலேயே இல்லை, ரோமில் இருந்தார். இல்லாத மன்னரின் தலையைக் கர்னல்கள் எதற்குக் காசில் போடணும்? அதிகாரத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவை இந்தக் கேள்வி வழியாக விளக்கிப் பார்க்கலாமென்று நினைக்கிறேன்.

1967 ஏப்ரல் 21இல் பாப்பதோபுலோஸ் குழுவினர் ஆட்சியைப் பிடித்தார்கள். அரசியல் சாசனப் பிரிவுகளை நிறுத்திவைத்த ஆணை மன்னர் பெயரில் வந்தது, மன்னர் கையெழுத்திடவில்லை. பெயரே போதுமானதாக இருந்தது. அன்றைக்கே அவர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்து, போடாத கையெழுத்தை வேறு விதமாகப் போட்டுக்கொடுத்தார் மன்னர். பிறகு டிசம்பர் 13இல் வடக்கே கவாலாவுக்குப் போய் எதிர்ப்புரட்சிக்கு முயன்றார். ஒரே நாளில் தோற்று, குடும்பத்தோடு ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கதை இத்தோடு முடிந்திருக்கணும். முடியவில்லை. கர்னல்கள் அவரைப் பதவி நீக்காமல், ஜெனரல் ஸோய்டாகிஸை ராஜப்பிரதிநிதியாக உட்காரவைத்தார்கள். இதன் லாபம் தூதர்களின் நியமனப் பத்திரத்தில் இருக்கிறது. ஏதென்ஸில் அயல்நாட்டுத் தூதர்கள் பத்திரம் கொடுத்தது மன்னரிடம். மன்னரை நீக்கினால், புதிய ஆட்சியை அங்கீகரிப்பதா இல்லையா என்று ஒவ்வொரு நாடும் வாய்திறந்து சொல்லியாகணும். 'மன்னர் மன்னர்தான், இப்போதைக்கு வெளியூர்ல இருக்கார்' என்றால் அந்தச் சங்கடமே இல்லை. சில வாரம் ஒதுங்கியிருந்த அமெரிக்கா 1968 ஜனவரியில் தொடர்பைப் பழையபடி தொடங்கியது. நேட்டோவின் தென்கிழக்கு முனையை இழக்க வாஷிங்டனுக்கு மனமில்லை.

மன்னர் எப்போது, எந்த நிபந்தனையில் திரும்புவார் என்று தூது நடந்துகொண்டே இருந்தது. அரசபக்தரான பிபினெலிஸ்தான் வெளியுறவு மந்திரி. 1968 சாசனமும் முடியாட்சியை வைத்துக்கொண்டது. அரசாங்கம் முன்னதாக அழைத்தாலொழிய, முதல் தேர்தல் முடிந்த பிறகே மன்னர் வரலாம் என்றது. தேர்தல் தேதி யார் கையில்? கர்னல்கள் கையில். நமக்குத் தெரிந்த கதையில் பரதன் பாதுகையை அரியணையில் வைத்தது அண்ணன் திரும்புவதற்காக. இங்கே வைத்தது திரும்பாமலிருப்பதற்காக.

இந்தப் பேச்சுவார்த்தை எதை மறைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த 1967லேயே ஆயிரக்கணக்கானோர் யாரோஸ் தீவில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 'மன்னர் திரும்புவாரா?' என்ற கேள்வி, 'அவர்கள் திரும்புவார்களா?' என்ற கேள்வியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜனநாயகம் என்பதே ரோமில் இருக்கும் ஒருவரின் பயணத் தேதியாகச் சுருங்கியது. 1965இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் யோர்கோஸ் பாப்பாந்த்ரேயுவோடு மோதி, அவர் விலகக் காரணமானவரும் இதே மன்னர்தான் என்பதும் மறந்துபோயிற்று.

பெயர் வெறும் பெயராக இருக்கிறவரைக்கும் கர்னல்களுக்குத் தொந்தரவில்லை. 1973 மே மாதம் கடற்படை அதிகாரிகளின் சதி அம்பலமானது. 'வேலோஸ்' போர்க்கப்பல் இத்தாலிக்குப் போய் அடைக்கலம் கேட்டது. மன்னருக்கும் இதில் பங்கு உண்டென்று குற்றம்சாட்டிய பாப்பதோபுலோஸ், ஜூன் 1இல் முடியாட்சியையே ஒழித்துக் குடியரசை அறிவித்தார். காலிப் பெயருக்குள் ஓர் உடம்பு நுழையப் பார்த்ததும் பாதுகையைத் தூக்கியெறிந்துவிட்டார்கள்.

1974 ஜூலையில் சைப்ரஸ் நெருக்கடியில் ஆட்சி சரிந்தபோது, பாரிஸிலிருந்து அழைக்கப்பட்டவர் முன்னாள் பிரதமர் கரமன்லிஸ். மன்னரை யாரும் கூப்பிடவில்லை. டிசம்பர் 8 வாக்கெடுப்பில் சுமார் 69 சதவீதம் பேர் முடியாட்சி வேண்டாமென்றார்கள். ஏழு வருஷம் தூதர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த கேள்விக்கு, ஜனங்கள் ஒரே நாளில் பதில் சொன்னார்கள். அவர்களை அதுவரை ஒழுங்காகக் கேட்டவர் யாருமில்லை.