லயத்துக்கு மேலே ட்ரோன்: யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இரண்டு விநாடிக்கு ஒரு படம். இருபத்தைந்து நிமிடம் பறந்தால் 750 படங்கள். அவற்றை விநாடிக்கு 25 என்று ஓடவிட்டால் முப்பது விநாடிக் காணொளி கிடைக்கும். பலாங்கொடை மலையில் பனி ஏறி இறங்குவதும், இரத்தினபுரியில் களுகங்கைக்கு மேலே மழைமேகம் திரள்வதும் கண்மூடித் திறப்பதற்குள் நடப்பதுபோலத் தெரிவது இந்தக் கணக்கால்தான். 2018இல் டிஜேஐ நிறுவனத்தின் மெவிக் 2 வந்த பிறகு, பொத்தானை அழுத்தினால் ட்ரோனே இதைச் செய்துவிடுகிறது. யூடியூப்புக்காக வரும் வெளியூர்க்காரர்களிடம் மட்டுமல்ல, கல்யாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் படம் பிடிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் இப்போது ட்ரோன் இருக்கிறது.

பார்க்கிறவருக்கு முப்பது விநாடி. கீழே இருப்பவர்களுக்கு இருபத்தைந்து நிமிடம். இப்படி டைம் லாப்ஸ் பிடிக்கும் ட்ரோன் ஒரே இடத்தில் நிற்கும், அல்லது அதே இடத்தைச் சுற்றி மெதுவாக நகரும். சிக்கல் இங்கேதான்.

படக்காரர்கள் தேடும் வெளிச்சம் மாலையில் ஐந்து மணிக்குப் பிறகு வருவது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பீலிக்கு வருவதும் அதே நேரம். குளியலறை இல்லாத லயங்களில் பீலிதான் குளியலறை. அதற்கு மறைப்பு ஒன்று இருந்தால் அது பக்கவாட்டில்தான் இருக்கும், கூரை இருக்காது. மேலிருந்து ஒரு கமரா பார்க்கும் என்று யாரும் நினைத்துக் கட்டவில்லை.

“துரைகிட்ட கேட்டுட்டோம்” என்பது வழக்கமான பதில். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலத்துக்குள் வர, அங்கிருந்து ட்ரோனைக் கிளப்ப, அந்த நிர்வாகம் அனுமதி தரலாம். பீலியில் நிற்கும் பெண்ணின் சார்பில் அனுமதி தர துரைக்கும் உரிமையில்லை, தலைவருக்கும் உரிமையில்லை. லயத்தின் பக்கம் பறக்கவிடுவதென்றால் முதல் நாளே லயத்தில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் கமராவை மலைப் பக்கம் திருப்ப வேண்டியதுதான்.

அரசாங்கத்தின் பக்கத்தில், ட்ரோன் சட்டப்படி ஒரு வானூர்தி. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைச் சட்டத்தின் கீழ் இதைக் கட்டுப்படுத்துவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின், 25ஆம் திகதி நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதை இந்தச் சபை தடைசெய்தது. பிறகு நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோனும் போகும், வழக்கும் வரும். டுபாயிலிருந்து வருகிறவரிடம் ட்ரோன் சொல்லிவிடும்போது சுங்கத்தை மறந்துவிடாதீர்கள். சிங்கராஜ வனம், சிவனொளிபாத மலை வனாந்தரம், உடவளவை ஆகியவற்றுக்கு வன, வனசீவராசிகள் திணைக்களங்களின் அனுமதி தனி. கல்யாணத்துக்கு ஸ்டூடியோ பேசும்போது பதிவையும் அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

பறக்கும்போது வரும் ஆபத்துகளும் இந்த மலைக்கே உரியவை. ரிமோட்டில் தெரியும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. பள்ளத்து ரோட்டில் நின்று அனுப்பினால், எழுபது மீற்றர் என்று காட்டும்போதே எதிர்மலைச் சவுக்கு மரத்தில் போய் மோதலாம். பனிக்குள் தடை உணரும் கருவி ஏமாறும். சாதாரண ட்ரோன் மழை தாங்காது. இரத்தினபுரி மழை சொல்லிக்கொண்டு வருவதும் இல்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் குளவிதான். கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்து ஆஸ்பத்திரிக்குப் போகாத தோட்டம் எது? சத்தமும் காற்றும் கூட்டைக் கலைக்கும். ஆட்கள் வேலை செய்யும் மலைக்கு மேலே, மரத்து உயரத்தில் ட்ரோனைக் கொண்டுபோகவே கூடாது. வேலை நேரத்தில் குளவி கொட்டினால் அது வேலைவிபத்து. தோட்ட டிஸ்பென்சரியில் நேரத்தோடு பதிய வையுங்கள், காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்பதற்கு அந்தப் பதிவு உதவும்.

மண்சரிவு நேரத்தில் ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். 2016 மே 17 அன்று அரநாயக்க சாமசர மலையிலும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்ததைக் கேகாலை மாவட்டம் மறக்காது. அப்படியான நாட்களில் மீட்பு ஹெலிகொப்டர்கள் தாழப் பறக்கும். ஆனால் சாதாரண நாளில் எடுத்த படத்தில் மலையில் புதிதாக வெடிப்போ இறக்கமோ தெரிந்தால், லைக்குக்காக வைத்திருக்காமல் கிராம உத்தியோகத்தரிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் காட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லலாம்.

உங்கள் லயத்துக்கு மேலே ஒன்று வந்து நின்றால் கல்லெறிய வேண்டாம். சுழலும் இறக்கையோடு அது பிள்ளைகள் மேல் விழலாம். சேதத்துக்கு உங்கள் மேலேயே வழக்கும் வரலாம். உங்கள் போனில் அதைப் படம் பிடியுங்கள், நேரத்தையும் அது திரும்பிப் போன திசையையும் குறியுங்கள். ஓட்டுகிறவர் பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார். நாலு பேராகப் போய், எடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் 119. படம் இணையத்தில் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, முகவரியோடு பொலிஸில் கொடுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழும் முறையிட வழியுண்டு. உதவி கேட்டு அழைக்க, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929.

பொலிஸில் “சிங்களத்தில் எழுதுறோம், கையெழுத்தைப் போடு” என்பார்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால் அதையே அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதிப் போடலாம்.