லீவில் வந்த சிப்பாய் மீது வழக்கு: எந்தக் கோர்ட், யார் வக்கீல்?

லீவில் ஊருக்கு வந்தாலும் சிப்பாய் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. குற்றாலத்தில் சீசன் நேரத்து நெரிசலில் தென்காசிக்காரரான ஒரு சிப்பாய் கைகலப்பில் சிக்கி, போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டால், அந்த வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நடக்கலாம், கோர்ட் மார்ஷலுக்கும் போகலாம். பணி நிமித்தம் செய்த காரியத்துக்கு மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் அருவிக்கரைச் சண்டை பணியில் சேராது. அடையாள அட்டையை நீட்டிப் பயனில்லை, ஜாமீனுக்குத்தான் அலைய வேண்டும்.

வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு என்பதை முறைப்படுத்தும் 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி மாஜிஸ்திரேட் கமாண்டிங் ஆபீசருக்கு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் ராணுவம் வழக்கைத் தன்னிடம் கேட்கலாம். இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் முடிவு மத்திய அரசுடையது; குற்றம் சாட்டப்பட்டவரை யாரும் கேட்பதில்லை. பொதுமக்களில் ஒருவரைக் கொலை செய்ததாகவோ பாலியல் வன்கொடுமை செய்ததாகவோ வழக்கு என்றால், போர்ப்பணி, எல்லைக் காவல் நிலை போன்ற விலக்குகள் தவிர, அது வழக்கமான குற்றவியல் கோர்ட்டுக்கு உரியது.

கோர்ட் மார்ஷலுக்குப் போகும் வழக்கில் பாதி வேலை விசாரணைக்கு முன்பே முடிந்துவிடும். ராணுவ விதி 23-இன்படி சாட்சியங்கள் எழுத்தில் பதிவாகும்போது குறுக்கு விசாரணை செய்யும் உரிமை சிப்பாய்க்கு உண்டு. பக்கத்தில் வக்கீல் இருக்க மாட்டார். அங்கே வாய்மூடி இருந்துவிட்டால் பிறகு சரிசெய்வது கஷ்டம். ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல்களில் சொந்த வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ராணுவமே ஓர் அதிகாரியைத் தற்காப்புக்குத் தரும்.

சம்மரி கோர்ட் மார்ஷல்தான் சிக்கலானது. கமாண்டிங் ஆபீசர் ஒருவரே அங்கே நீதிபதி. துணைக்கு ஒரு 'நண்பர்' உட்காரலாம், காதோடு யோசனை சொல்லலாம். சாட்சியைக் கேள்வி கேட்கவோ கோர்ட்டில் வாதாடவோ முடியாது. ஆனால் தண்டனையோ ஓராண்டுச் சிறை வரை போகும், வேலையும் பறிபோகும்.

இதற்கு ஓர் உதாரணம்: ராணுவத்தில் சிக்னல்மேனாக இருந்த ரஞ்சித் தாக்கூர் தன் கமாண்டிங் ஆபீசர் மீது மேலிடத்தில் புகார் செய்தவர். அதற்காக 28 நாள் தண்டனை அனுபவித்தபோது, சாப்பிடச் சொல்லியும் மறுத்தார் என்று 1985-இல் அவர் மீது சம்மரி கோர்ட் மார்ஷல் நடந்தது. புகாருக்கு ஆளான அதே அதிகாரியும் விசாரணையில் உட்கார்ந்தார்! ஓராண்டுச் சிறை, பணிநீக்கம் என்று தீர்ப்பானது. 'இவர் விசாரிப்பதில் ஆட்சேபணை உண்டா' என்று கேட்காததே தவறு, தண்டனையும் அளவு மீறியது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1987-இல் அதை ரத்து செய்தது.

அப்போதெல்லாம் அப்பீலுக்குத் தனி அமைப்பே கிடையாது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது. மாஜிஸ்திரேட், செஷன்ஸ் வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை எட்டும். பணிநீக்கம் செய்யப்பட்ட தென்காசிக்காரரோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறித் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போக வேண்டும். கிளம்புமுன் கோர்ட் மார்ஷல் நடவடிக்கைகளின் நகலை எழுதிக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ராணுவ விதி 147 அதற்கு உரிமை தருகிறது.