உரை எழுத ஒப்புதல் வேண்டுமா?

திருகோணமலை உட்துறைமுக வீதியை அடுத்த அச்சகமொன்றுக்குச் சென்ற திங்கள் ஒரு கையெழுத்துப் படியோடு போனேன். மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் தமிழ் எழுதும் வகையை மாணவர்க்கு விளக்கும் சிறு கையேடு அது. அச்சகத்தார் முதலேட்டைப் புரட்டிவிட்டு, "பண்டிதர் ஐயா, கொம்பனிக்காரர் வழக்குப் போடமாட்டார்களோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தொல்காப்பியத்துக்கு உரை செய்யச் சேனாவரையர் யாரிடம் ஒப்புதல் கேட்டார்? ஆயினும் வீடு திரும்பி 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் படித்தபோது அச்சிரிப்பு அடங்கிற்று.

எண்ணமும் செயன்முறையும் எவர்க்கும் தனியுரிமை ஆகா என்கிறது அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஆகவே இன்ன விசையை அழுத்தினால் இன்னது நிகழும் என்று எவரும் எழுதலாம். 1879இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் பேக்கர், செல்டன் வழக்கில் இதையே கூறிற்று: கணக்குப் பதியும் முறையை விளக்கிய நூல் செல்டனுடையது, அம்முறையோ எல்லார்க்கும் பொது.

ஆனால் சொல் எழுதியவருக்கே உரியது. அதனை மொழிபெயர்க்கும் உரிமையும் அவரதே. என் இரண்டாம் இயலோ மென்பொருளின் உதவிப் பக்கங்களை வரிக்கு வரி தமிழாக்கியது! தமிழாக்கிய மாத்திரத்தில் அஃது என்னுடையதாயிற்று என எண்ணியிருந்தேன். பிறர் உரையைப் பெயர்த்தெழுதும் மாணவனின் தாளில் சிவப்புக் கோடு இழுப்பவன் நான். கற்பித்தலுக்கு நியாயமான பயன்பாடு உண்டென்று 11ஆம் பிரிவைச் சிலர் காட்டக்கூடும். வகுப்புக்குப் படியெடுப்பது வேறு, விலை குறித்து நூல் விற்பது வேறு. நோக்கம் வணிகமா என்பதையும் அப்பிரிவு பார்க்கிறது.

அவ்வியலைக் கிழித்தேன். பல இரவுகள் கணினி முன் அமர்ந்து, ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்துப் புதிதாய் எழுதினேன். அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. எம் பிள்ளைகள் இடறும் இடம் நான் தமிழாக்கிய பக்கங்களில் இல்லவேயில்லை. பாமினி எழுத்துருவில் அடித்ததை வேறெழுத்துருவுக்கு மாற்றினால் 'அம்மா' என்னும் சொல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறும். அதற்கு இப்போது நான்கு பக்கம் ஒதுக்கியுள்ளேன்.

2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய பட்டிகள் மறைந்து புதிய பட்டை வந்ததை நினைந்து, எப்பதிப்புக்கு எழுதினேன் என்பதை இயல்தோறும் குறித்தேன். திரைப்படிமங்களை நிறுவனத்தார் வெளியிட்ட நிபந்தனைகளுக்கு அமையவே சேர்த்தேன். மென்பொருளின் பெயர் தலைப்பில் உண்டு, இலச்சினை இல்லை. 'இது நிறுவனத்தாரின் வெளியீடன்று' என்னும் வரி அட்டையில் இடம்பெறும். அதனைப் பொடி எழுத்தில் ஒளித்துவிட வேண்டாமென அச்சகத்தாரிடம் சொல்லியிருக்கிறேன்.