மண்டையோடும் சோப்புக் குமிழியும்

லெய்டன் நகரத்து ஓவியர் டாவிட் பெய்லி 1651இல் தீட்டிய ஓர் ஓவியம் அந்த ஊரின் லேக்கன்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசை நிறைய மண்டையோடு, மணற்கடிகாரம், நாணயங்கள், முத்துமாலை, ரோஜாக்கள், புகைக்குழாய். மேலே சோப்புக் குமிழிகள் மிதக்கின்றன. இடப்பக்கம் ஓர் இளைஞன் நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கிறான்.

நிலையாமையை நினைவூட்டும் இவ்வகை ஓவியங்களுக்கு ‘வானித்தாஸ்’ என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்தில், குறிப்பாக லெய்டனில், இவை செழித்தன. கால்வினியச் சமயம் வேரூன்றிய பல்கலைக்கழக ஊர் அது. அங்கிருந்த உடற்கூறு அரங்கில் எலும்புக்கூடுகளின் கையிலேயே நிலையாமையைச் சொல்லும் கொடிகளைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்த ஊர்க்காரருக்கு இப்படங்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. காசும் முத்தும் கூட வராது, இன்பம் புகையாகப் போகும், மலர் உதிரும். மனிதன் நீர்க்குமிழி என்ற உவமை ரோமானியர் காலத்திலிருந்தே வழங்கி வந்தது. ஓவியர்கள் அதையே சோப்புக் குமிழியாக்கினார்கள்.

இந்த ஓவியர்களின் திறமையை நான் அவர்கள் வரைந்த மெழுகுவர்த்தியில்தான் அதிகம் காண்கிறேன். அது எரிவதில்லை, ஆறியும் போய்விடவில்லை. திரியிலிருந்து மெல்லிய புகை எழுகிறது. சற்றுமுன் யாரோ போனார்கள் என்பதை அந்த ஒரு கீற்று சொல்லிவிடுகிறது. மண்டையோட்டால் அது முடிவதில்லை.

பெய்லி இன்னும் ஒருபடி மேலே போனார். இளைஞன் தன் கையில் நீள்வட்டப் படம் ஒன்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறான். அதில் வயதான ஒருவரின் முகம்: அது பெய்லிதான் என்பார்கள். 1584இல் பிறந்த அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது இருக்கும். இளைஞனும் அவரேதான், தம் வாலிபத்தை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார் என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் உயிரோடு நம்முன் அமர்ந்திருப்பவன் என்றோ கடந்துபோனவன். வெறும் படமாகத் தெரியும் கிழவர்தான் உண்மையில் தூரிகை பிடித்தவர். இதைக் கண்டபின் மேசைமேலுள்ள மண்டையோடு எனக்கு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

தம் தொழிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. நிலையாதவற்றின் வரிசையில் சிற்பங்கள் நிற்கின்றன, ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த லூட் இசைஞனின் நகல் சுவரில் தொங்குகிறது. இளைஞனின் மறு கையில், வரையும்போது கை நடுங்காமலிருக்க ஓவியர்கள் ஊன்றிக்கொள்ளும் நீண்ட கோல்.