டாக்டர் முத்துலட்சுமியின் சட்டமும் காரைக்கால் எல்லையும்

வரிச்சிக்குடியிலிருந்து வடக்கே தரங்கம்பாடி பக்கம் போனால் சிறிது தூரத்தில் மாநிலம் மாறிவிடும். இந்தப் பக்கம் புதுச்சேரியின் நலவழித்துறை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை. வயலும் வாய்க்காலும் ஒன்றுதான், பெண் கொடுத்து எடுப்பதும் இரண்டு பக்கமும்தான். ஆனால் ஒரு பெண் கருவுற்றால் அவளுக்கு அரசு என்ன தரும் என்பது எந்த ஊர் ரேஷன் அட்டை என்பதைப் பொறுத்தது. தரங்கம்பாடியில் ஏழைக் கர்ப்பிணிக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. அந்தத் திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். வரிச்சிக்குடிப் பெண்ணுக்கு அது கிடையாது. அவளுக்குப் புதுச்சேரி அரசு தருவதுதான்.

இந்தப் பெயருக்குரியவர் இயற்றிய சட்டங்களும் இதே எல்லையில் நின்றவைதான். மருத்துவம் படித்த ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனால் என்ன செய்ய முடியும், எது முடியாது என்பதற்கு அவரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழகத்தில் இல்லை.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமிருந்த குடும்பத்தில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால்தான் அவரால் உள்ளே போக முடிந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. மாணவிகளைத் தன் வகுப்பில் அனுமதிக்காமல் இருந்த பேராசிரியர் கர்னல் கிஃபர்ட், அறுவை சிகிச்சைத் தேர்வில் முத்துலட்சுமி பெற்ற மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு மனம் மாறினார். 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அந்தப் பணியில் அமர்ந்த முதல் பெண் அவரே. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதை நிபந்தனையாகச் சொல்லித்தான் சம்மதித்தார்.

சட்டசபைக்குப் போகும் எண்ணம் அவருக்கு முதலில் இல்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இலேயே கிடைத்தது; உறுப்பினராகும் உரிமை 1926இல் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையில் முத்துலட்சுமி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927 தொடக்கத்தில் அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதே காலத்தில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் எந்தப் பெண்ணுக்கும் வாக்கு இல்லை. பிரான்சிலேயே பெண்களுக்கு 1944இல்தான் அந்த உரிமை வந்தது.

பொறுப்பில் இருந்தது நான்கு ஆண்டுகூட இல்லை. அதற்குள் அவர் எழுப்பிய பிரச்சினைகள் எல்லாமே பிரசவ வார்டில் கண்டவை. உடல் வளர்ந்து முடியாத சிறுமிகள் தாயாகி இறப்பதைப் பார்த்தவர், பெண்ணின் திருமண வயதை 16 ஆக்க வேண்டும் என்று அவையில் வாதாடினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை கேட்டார். பெண்களைக் கடத்தி விற்பதைத் தடுக்கும் சட்டம் 1930இல் வந்ததிலும் அவர் பங்கு பெரிது.

நிலத்தை விடுவித்த சட்டம்

தேவதாசி முறை ஒழிப்பு என்றதும் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு நடந்த வாதம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவர் எதிர்த்தது உண்மை. ஆனால் அந்த வாதத்தைவிடப் பேச வேண்டியது 1929ஆம் ஆண்டுச் சட்டம். கோயில்கள் தாசிகளுக்கு மானிய நிலம் கொடுத்திருந்தன. கோயிலில் ஆட, பாட, விளக்கெடுக்க ஒருத்தி இருக்கும்வரை நிலம் அந்தக் குடும்பத்துடையது. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். மகளைப் பள்ளிக்கு அனுப்பிக் கல்யாணம் செய்துவைக்க விரும்பிய தாய்கூட, சோறு போடும் காணியை நினைத்துத் தயங்கினாள்.

முத்துலட்சுமி இந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தார். 1927 நவம்பரில் பொட்டுக் கட்டுவதை நிறுத்தக் கோரும் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்து இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929இல் அது நிறைவேறியது. கோயில் சேவை என்ற நிபந்தனை நீங்கி நிலம் அந்தப் பெண்களுக்கே உரியதானது. தடை விதிப்பதற்கு முன்பே பிழைப்பைப் பாதுகாத்த இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று சட்டம் இயற்றுகிறவர்கள் பெரும்பாலும் தடையில் தொடங்கித் தடையிலேயே முடித்துவிடுகிறார்கள்.

மற்றொரு பக்கமும் உண்டு. தேவதாசிகளே சங்கம் கூடி இந்த ஒழிப்பு முயற்சியை எதிர்த்து மனு கொடுத்தார்கள்; பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்களிடம் கலை இருக்கிறது, சொத்துரிமை இருக்கிறது, எல்லாரையும் ஒரே பெயரால் இழிவு செய்யாதீர்கள் என்பது அவர்கள் வாதம். அந்தக் குரலை முத்துலட்சுமி போதுமான அளவு கேட்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன். பின்னர் அவர்களுடைய ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் மேடையேறியபோது, அதன் பெருமை பெரும்பாலும் வேறு வீடுகளுக்குப் போனது. ஆனால் விவரம் தெரியாத வயதில் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமிக்கு மனு எழுதத் தெரியாது. அவளுக்காக அவையில் பேச அன்று ஒருவர்தான் இருந்தார்.

பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அந்த ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதும், அதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமாகவில்லை. மேடையில் போராட்டம் ஓயவில்லை. அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார். அவரும் அதே சமூகத்தில் வளர்ந்தவர். கடைசியில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல் சட்டம் நிறைவேறியது.

திருக்கடையூருக்கு உண்டு, திருநள்ளாறுக்கு இல்லை

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு உரியது. திருக்கடையூருக்குப் பொருந்தியது, சில மைல் தள்ளியிருந்த திருநள்ளாறுக்குப் பொருந்தவில்லை. கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி உட்பட காரைக்கால் பகுதி முழுவதும் அன்று பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்றுதான் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. அதன் பிறகும் காரைக்கால் தமிழ்நாட்டோடு சேராமல் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் இருப்பதால், சென்னையில் போடும் சட்டமோ திட்டமோ இன்றும் இங்கே தானாக வந்து சேராது.

பதவியை விட்ட பிறகு முத்துலட்சுமி அதிகாரம் தேடிப் போகவில்லை. 1930இல் எந்த விடுதியும் ஏற்காத தேவதாசிக் குடும்பச் சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்காகத் தொடங்கியதே அவ்வை இல்லம். தங்கை சுந்தராம்பாள் 1923இல் புற்றுநோயில் இறந்த துயரம் அவரை விடவே இல்லை. முப்பது ஆண்டுக்கும் மேல் அந்த எண்ணத்தைச் சுமந்து, பணம் திரட்டி, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்துசேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தார்கள். 1956இல் பத்ம பூஷண் பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

காரைக்காலுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்றால் அது பிரதிநிதித்துவம் பற்றியது. காரைக்கால் பகுதியின் நெடுங்காடு தொகுதியில் வென்ற சந்திர பிரியங்கா 2021இல் புதுச்சேரி அமைச்சரானார்; ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்குப் பின் அங்கே அமைச்சரான பெண் அவர். சாதி, பாலினப் பாகுபாட்டைக் காரணம் காட்டி 2023 அக்டோபரில் விலகல் கடிதம் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் புதுச்சேரி சட்டமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

நூறாண்டுக்கு முன் ஒரு நியமன உறுப்பினரே இவ்வளவு செய்திருக்கிறார். எனவே அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர் ஆணோ பெண்ணோ, அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் நலவழி மையத்தில் இரவில் பிரசவம் பார்க்க மருத்துவர் இருக்கிறாரா? எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தாய்க்குக் கிடைக்கும் உதவி இங்கே உள்ளவளுக்கும் கிடைக்க நீங்கள் என்ன மசோதா கொண்டுவருவீர்கள்? எப்போது கொண்டுவருவீர்கள்?