லூட் வாசிப்பவர்

கரவாஜ்ஜோ, சுமார் 1595–96. கித்தான்மீது எண்ணெய் வண்ணம். ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

பூச்சாடியையும் பழங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மேசைமேல் விரிந்திருக்கும் இசைப் புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள குறிகள் வெறும் அலங்காரமல்ல, இன்றும் படித்துப் பாடலாம். ஜாக் ஆர்கடெல்ட் நான்கு குரல்களுக்கு இயற்றிய ‘மாட்ரிகல்’ எனும் காதல் பாடல்கள் அவை. 1539-இல் வெனிஸில் அச்சான அந்தப் பாடல்களின் தொகுப்பு நூறாண்டுக்கும் மேலாக மறுபதிப்புக் கண்டது. கரவாஜ்ஜோ தூரிகை எடுத்தபோதே அது அரை நூற்றாண்டுப் பழைய பாட்டு!

அக்காலத்தில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். இங்கிருப்பது கீழ்க்குரலுக்கு உரியது மட்டுமே. ஆகவே, இந்த ஓவியத்தை ஒட்டிக் கச்சேரி நடத்தும் பழங்கால இசையை நிகழ்த்தும் குழுக்கள் மற்ற மூன்று குரல்களை அச்சுப் பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. ஒருவரே ஒரு குரலைப் பாடி, ஏனையவற்றை லூட் எனும் நரம்புக் கருவியில் மீட்டுவதும் அன்றைய வழக்கம்தான். இவரது வாய் சற்றே திறந்திருப்பதைக் கவனியுங்கள்.

பாடுபவர் இளைஞர். கரவாஜ்ஜோவின் லூட் ஓவியம் ஒன்றைப் பற்றி 1672-இல் எழுதிய கலை வரலாற்றாசிரியர் பெல்லோரி, வாசிப்பவரைப் பெண் என்றே குறித்துவிட்டார். இந்த முகத்தைப் பார்த்தால் அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை.