விதைப்புப் பணத்தைத் தொடாமல் ஒரு கல்யாணம்

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மானாவாரி விவசாயியின் கையில் பணம் புழங்குவது ஆண்டுக்கு ஒரே பருவத்தில்தான். புரட்டாசியில் விதைத்த மிளகாயும் பருத்தியும் மாசி தொடங்கிச் சித்திரை வரை பலன் தரும். அந்தப் பணம்தான் அடுத்த புரட்டாசிக்கு விதையாகவும் உரமாகவும் உழவுக் கூலியாகவும் மாற வேண்டும். இடையில் ஆவணி முகூர்த்தம் வந்துவிடுகிறது. மண்டபம், மேளம், ஒலிபெருக்கி, பிளெக்ஸ் பலகை என்று செலவு நீண்டு, முதல் மழை விழும்போது மடி காலியாக இருக்கிறது. பிறகு நகை அடகுக்குப் போகிறது, அல்லது கைமாற்று வாங்க நேர்கிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் இரண்டு லட்சம் வாங்கினால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 48,000 ரூபாய். மழை பொய்த்தாலும் வட்டி பொய்ப்பதில்லை.

மணமக்கள் இருவருமே உட்கார்ந்து பேசித் தங்கள் கல்யாணத்தைத் தாங்களே நடத்திக்கொண்டால் என்ன? இது பட்டணத்து நாகரிகம் என்று பெரியவர்கள் ஒதுக்க வேண்டியதில்லை. இந்தப் பூமியிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. 1928ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் கிராமத்தில், புரோகிதரோ சடங்கோ இல்லாமல், பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவது என்று பொதுவாகக் குறிக்கப்படுவது இதுவே. பட்டணத்தில் அல்ல, கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றில்தான் அது தொடங்கியது.

ஆனால் இவ்வகைத் திருமணங்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு நெடுநாள் கிடைக்கவில்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், மத முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு செய்யாத அத்தகைய திருமணம் ஒன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. சொத்துள்ள குடும்பங்களில் பெண்களின், பிள்ளைகளின் உரிமை கேள்விக்குறியாயிற்று. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லத்தக்கவை ஆக்கியது.

அந்தப் பிரிவு கேட்பது மிகக் குறைவு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவன், மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்ற வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். மூன்றில் ஒன்று போதும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பு கிடையாது. மணமக்கள் வெவ்வேறு மதத்தினர் என்றால் 7ஏ பொருந்தாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

இனி நாள் குறிப்பது. பஞ்சாங்கத்தைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதற்கு முன் பயிரைப் பார்ப்பது நலம். மாசியிலோ பங்குனியிலோ தேதி வைத்துவிட்டு, பணத் தேவைக்காக ஈரம் உலராத வற்றலை அவசரமாக மண்டிக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. நட்டத்துக்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது. குலுக்கினால் விதை சலசலக்கும் அளவுக்கு, ஈரப்பதம் பத்து சதவிகிதத்துக்கு இறங்கும்வரை காய்ந்த வற்றல்தான் பூசணம் பிடிக்காமல் இருப்பு வைக்கவும், விலை பார்த்து விற்கவும் உதவும். வற்றலும் பருத்தியும் விற்று, கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கட்டி, புரட்டாசிக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் கல்யாணப் பணம். வைகாசி இதற்கு ஏற்ற மாதம். காடு வெறுமையாகக் கிடக்கும். வேலை குறைவு என்பதால் உறவுக்காரர்கள் ஒத்தாசைக்கு வருவார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு ஒன்றுதான் குறை. டிராக்டர் டேங்கருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் உள்ளவர்கள் மாலைக்குப் பூவும், பந்திக்குக் காயும் தாங்களே விளைவித்துக்கொள்ளலாம். அரை சென்ட் செண்டுமல்லி போதும். மாசி முதல் வாரத்தில் நாற்று விட்டு, பங்குனித் தொடக்கத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, குளிக்கிற தண்ணீரைத் திருப்பிவிட்டால் வைகாசியில் பூ எடுக்கலாம். மஞ்சள் பூசணியைத் தையில் ஊன்றிவிட வேண்டும். முற்றிய காய் காம்போடு பறித்து வைத்தால் பல வாரம் கெடாது. வெண்டைக்குச் சித்திரை முதல் வாரம் போதும், நாற்பத்தைந்து நாளில் காய்த்துவிடும். தண்ணீர் இல்லாதவர்கள் இதற்காக ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்ப வேண்டாம்! பூவையும் காயையும் அருப்புக்கோட்டைச் சந்தையில் வாங்கினாலும் பெரிய செலவில்லை.

பந்தலுக்குப் பனை ஓலையும் கீற்றும், அடுப்புக்கு எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல் விறகும் இருக்கவே இருக்கின்றன. நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி, சாம்பாருக்கு மூன்று கிலோ துவரம்பருப்பு என்று கணக்கு வைத்தால் சரியாக இருக்கும். இந்த மண்ணில் விளையும் குதிரைவாலியில் ஒரு பொங்கலும், பாசிப்பயற்றில் பாயசமும் வைத்தால் பந்தியில் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. வாழையிலைதான் வெளியிலிருந்து வர வேண்டும்.

சிக்கல் வருவது செய்முறையில். “ஊரெல்லாம் மொய் எழுதியிருக்கிறேன், அதை எப்போது வாங்குவது?” என்று பையனின் தகப்பனார் கேட்பார். இது நியாயமான கேள்வி. மொய் நோட்டு என்பது கிராமத்தில் எழுதாத சட்டம். பல ஆண்டுகளாகப் போட்ட பணத்தை விட்டுவிடு என்று சொல்ல மணமக்களுக்கு உரிமை இல்லை. எளிய கல்யாணம் என்றால் மொய் இல்லாக் கல்யாணம் என்றும் பொருள் இல்லை. மணமக்கள் மாலை மாற்றுவதைக் காலையில் ஐம்பது பேரோடு முடித்துவிட்டு, மொய் நோட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் அன்றே ஒரு வேளைச் சோறு போடலாம். பழைய பாக்கி திரும்புவதைத் தகப்பனார் நோட்டிலும், புதிதாக வருவதை மணமக்கள் நோட்டிலும் தனித்தனியே எழுத வேண்டும். புதிதாக வந்த மொய் வருமானம் அல்ல, கடன். ஒவ்வொன்றும் திரும்பச் செய்ய வேண்டியது. அதை நம்பிச் செலவை ஏற்றுகிறவர்களே பின்னால் திண்டாடுகிறார்கள்.

பெண் வீட்டில் நகையும் சீரும் எவ்வளவு என்ற பேச்சு எழுந்தால், அதை நிறுத்த வேண்டியவன் மாப்பிள்ளைதான். பெண்ணோ அவள் தகப்பனாரோ சொன்னால் அது இயலாமையாகத்தான் பார்க்கப்படும். வரதட்சணை கேட்பது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவன் வீட்டாருக்கு அவனே எடுத்துச் சொல்லலாம்.

கல்யாணம் முடிந்ததும் ஒரு வேலையை மறக்கக் கூடாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி, 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மேலும் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, திருமணப் படம், அழைப்பிதழ், சாட்சிகள் ஆகியவற்றோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சடங்கு இல்லாமல் மணந்தவர்களுக்கு இந்தச் சான்று மிகவும் அவசியம்; நாளை பட்டா மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் அதுவே கைகொடுக்கும். வைகாசியில் மணந்தவர்கள் ஆடிக்குள் இதை முடித்துவிட்டால், ஆவணியில் கோடை உழவுக் கட்டிகளை உடைத்து நிலத்தைத் தயார் செய்ய நேரம் இருக்கும்.